சைக்கிள் டிரஸ் எந்த பிராண்டுல எடுக்கலாம்? பிப்புக்கு செலவு பண்ணுங்க, ஜெர்சில மிச்சம் பிடிங்க

ரோட் பைக் வாங்கி கொஞ்ச நாள் ஓட்டினதும் அடுத்த தலைவலி டிரஸ்தான். அஸோஸ் எடுக்கலாமா, ராஃபா எடுக்கலாமா, கேஸ்டெல்லி நல்லாருக்குமா, இல்ல டெக்கத்லான்லயே வேலைய முடிச்சுக்கலாமான்னு மண்டைய குழப்பிக்கிட்டு கடைசில ஆஃபர்ல எது கிடைக்குதோ அத வாங்கிட்டு வந்துடுவோம். நான் இதுல பல பிராண்டு போட்டு ஓட்டிருக்கேன், கூட ஓட்டற ஆளுங்ககிட்டயும் நோண்டி நோண்டி கேட்டிருக்கேன், எனக்கு உறுதியா தோணறது என்னன்னா பிராண்ட முதல்ல முடிவு பண்ணவே கூடாது. எந்த துணிக்கு எவ்வளவு காசுன்னுதான் முதல்ல முடிவு பண்ணணும். பிப் ஷார்ட்ஸுக்கு, அதாவது தோள்ல மாட்டற பட்டையும் உக்கார்ற இடத்துல மெத்தை மாதிரி பேடும் வெச்ச இறுக்கமான ஷார்ட்ஸுக்கு, தாராளமா செலவு பண்ணலாம், மழை ஜாக்கெட்டுக்கு யோசிச்சு பண்ணலாம், ஜெர்சில கஞ்சத்தனம் பண்ணா தப்பே இல்ல. ஆனா நெறைய பேர் இத அப்படியே தலைகீழா பண்றாங்க, ஜெர்சிதான ஃபோட்டோல தெரியும், பிப் கருப்பா கீழ எங்கயோ இருக்கு, யார் பாக்கப்போறான்னு.

சரி, ஏன் பிப்? சைக்கிள்ல உக்காரும்போது உங்க இடுப்புக்கு கீழ இருக்கற ரெண்டு உக்காரும் எலும்பு மேலதான் நிறைய பாரம் வருது, அதுவும் அசைஞ்சுக்கிட்டே, வேர்த்துக்கிட்டே, மணிக்கணக்குல. அங்க உரசல் வந்துச்சுன்னா தோல் சிவக்கும், கட்டி வரும், அப்புறம் ஒரு வாரம் சைக்கிள் பக்கமே போக முடியாது. ஜெர்சி மோசமா இருந்தா வேர்க்கும், அவ்வளவுதான், ரைடு நிக்காது. பிப் மோசமா இருந்தா ரைடே நின்னுடும். அதனால காசு எங்க போகணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

பிப்புக்குள்ள விஷயமே பேட்தான். கடைல எல்லாரும் பண்ற முதல் வேலை பேட கட்டைவிரலால அமுக்கி பாக்கறது, மெத்து மெத்துன்னு இருந்தா உடனே "சூப்பரா இருக்கே"ன்னு எடுத்துடறது. அந்த மெத்துதான் ஏமாத்தும். சாஃப்டான ஃபோம் முதல் அரைமணி நேரம் சொகுசா இருக்கும், அப்புறம் அப்படியே அமுங்கி உக்காந்துடும், எலும்பு நேரா சீட்ல உக்கார்ற மாதிரி ஆயிடும். பேட்ல பாக்க வேண்டியது தடிமன் இல்ல, ஃபோமோட அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோங்கற கணக்கு. லாங் ரைடுக்குன்னு செய்யற நல்ல பேடுங்கள்ல எலும்பு உக்கார்ற இடத்துல இது 120 பக்கம் போகும், சும்மா ஒரு மணி நேரம் சுத்தற பேட்ல இத விட நல்லா கம்மியா இருக்கும். நிறைய பிராண்டு இந்த நம்பர வெப்சைட்ல போடறதே இல்ல, அதுக்கு பதிலா "இத்தன மணி நேர ரைடுக்கு ஏத்தது"ன்னு போடுவாங்க, அதையாவது தேடி படிங்க. ஒரு பிராண்டு தன்னோட பிப்ப ஒரு மணி ரெண்டு மணி ரைடுக்குன்னு அவங்களே போட்டிருந்தா அத வாங்கி 100 கிலோமீட்டர் போயிட்டு வலிக்குதுன்னு திட்டறதுல அர்த்தம் இல்ல.

இங்கதான் ஒரு சுவாரசியமான சமாச்சாரம் இருக்கு. இந்த பேட நிறைய பிராண்டு தானா செய்யறதே இல்ல. இத்தாலில சைடெக்னு ஒரு கம்பெனி, எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ்ங்கற பேர்ல பேட் செஞ்சு விலை ஒசந்த பிராண்டுக்கும் நடுத்தர பிராண்டுக்கும் சப்ளை பண்ணிட்டு இருக்கு. துணியும் அப்படித்தான், மிட்டி, கார்விக்கோ, சிட்டிப்னு இத்தாலியன் மில்லுங்க தயாரிக்கற லைக்ரா துணி பல பிராண்டுக்கு போகுது. அதனால ரெண்டு பிப்புக்கு நடுவுல விலை ரெண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் துணியும் பேடும் ஒரே இடத்துலருந்து வந்ததா இருக்க வாய்ப்பு நிறைய. இத தெரிஞ்சுக்கிட்டு உடனே "அப்ப எல்லாம் ஒண்ணுதான், பிராண்டுலாம் பித்தலாட்டம்"னு முடிவு கட்டிடாதீங்க, அதே சைடெக் டஜன் கணக்குல பேட் மாடல் வெச்சிருக்கு, அடிமட்டமும் இருக்கு, உச்சமும் இருக்கு, பேட்ல அந்த லேபிள் இருந்தா குறைஞ்சபட்சம் குப்பை இல்லன்னு மட்டும் எடுத்துக்கலாம்.

அப்ப காஸ்ட்லி பிராண்டுல எதுக்குத்தான் காசு வாங்கறாங்க? வெட்டு. குனிஞ்சு ஹேண்டில்பார புடிக்கற பொசிஷனுக்கு ஏத்த மாதிரி துணிய வெட்டி தைக்கறது, பேட் சரியான இடத்துல உக்கார்ற மாதிரி வெச்சு அது நகராம பாத்துக்கறது, தோள்பட்டை பட்டை இழுக்காம இருக்கறது, தொடைல கிரிப்பர் ரத்த ஓட்டத்த அமுக்காம புடிச்சு நிக்கறது, இதெல்லாம் ஸ்பெசிஃபிகேஷன் லிஸ்ட்ல வராது, போட்டு ஓட்டினாத்தான் தெரியும். மலிவு பிப்புங்கள்ல நான் பாத்த பெரிய குறை பேடே கிடையாது, பேட் ஒரு விரக்கடை பின்னாடியோ முன்னாடியோ தள்ளி தைச்சிருப்பாங்க, அதுதான்.

இப்ப பிராண்டுக்கு வருவோம்.

அஸோஸ் சுவிட்சர்லாந்து கம்பெனி, 1976ல ஆரம்பிச்சது. லைக்ரா ஷார்ட்ஸ சைக்கிளுக்கு கொண்டு வந்ததே நாங்கதான்னு பெருமை பேசுவாங்க, கேஸ்டெல்லி காரங்களும் அதே 1970கள் கதைய அவங்க பக்கம் சொல்லுவாங்க, அந்த பஞ்சாயத்து நமக்கு வேணாம். பிப்ங்கற ஒரே விஷயத்துல அஸோஸ் நிஜமாவே தனி ரகம். அவங்க பேட் தைக்கற விதத்துலயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கு, நடுவுல ரெண்டு பக்கமும் பேட துணியோட சேத்து தைக்காம விட்டுடுவாங்க, அதுக்கு கோல்டன்கேட்னு பேரு, கால் மேல கீழ போகும்போது பேட் உங்க உடம்போட ஒட்டிக்கிட்டு சேந்து நகரும், துணி இழுத்தா பேட் இழுபடாது. மாடல்ல மில் ஜிடினு இருந்தா லாங் ரைடு, சொகுசு; எக்விப் ஆர்எஸ்னு இருந்தா ரேஸ், இறுக்கம். புதுசா வாங்கறவங்க கெத்துக்கு எக்விப் பக்கம் போகாதீங்க, மில் ஜிடிதான் பெரும்பாலான ஆளுங்களுக்கு சரி. தள்ளுபடி ரொம்ப அபூர்வமாத்தான் வரும், பேர் வெக்கற விதமும் கோட் நம்பர் மாதிரி இருக்கும், அவங்க ஜெர்சியும் நல்லாத்தான் இருக்கும் ஆனா அந்த விலைக்கு ஜெர்சி வாங்கறது எனக்கு வயித்தெரிச்சல்.

கேஸ்டெல்லி இத்தாலி. வேர் 1876ல மிலான்ல இருந்த ஒரு டெய்லர் கடை வரைக்கும் போகுது, தேள் படம் போட்ட பிராண்டா வந்தது 1974ல. இவங்க ரேஸுக்குன்னே பொறந்தவங்க, டீம் ஸ்கைங்கற ரேஸ் டீமுக்கும் அப்புறம் பேர் மாறி வந்த இனியோஸுக்கும் 2017லருந்து 2021 வரைக்கும் கிட், அதாவது டீம் டிரஸ், குடுத்தவங்க. என்ட்ராட்டா மாதிரி ஆரம்ப மாடல்லருந்து ஃப்ரீ ஏரோ மாதிரி ரேஸ் மாடல் வரைக்கும் நிறைய படிகள் இருக்கு. மேல் படிகள்ல வர்ற ப்ரோஜெட்டோ எக்ஸ்2 பேட், தோல்ல படற லேயரும் ஃபோம் லேயரும் தனித்தனி, உரசல் கம்மி. பிரச்சனை சைஸ்தான், இத்தாலியன் ரேஸ் வெட்டு, ரொம்ப சின்னதா வரும், நீங்க மத்த இடத்துல மீடியம்னா இங்க லார்ஜோ எக்ஸ்எல்லோ எடுக்க வேண்டி வரும், அத பாத்து மனசு உடைஞ்சு போகாதீங்க, உங்க இடுப்பு அப்படியேதான் இருக்கு. அப்புறம் ஒரு சின்ன ரகசியம் (ரகசியம்லாம் இல்ல, யாரும் கவனிக்கறதில்ல): ஸ்போர்ட்ஃபுல்னு இன்னொரு பிராண்டு இருக்கே, அதுவும் கேஸ்டெல்லியும் ஒரே குரூப் கம்பெனிதான். ஸ்போர்ட்ஃபுல் பேருக்கு அவ்வளவு கிராக்கி இல்லாததால தள்ளுபடில அடிக்கடி வரும், வெட்டும் கொஞ்சம் தாராளமா இருக்கும். நீங்க தேள் லோகோ மேல காதல் இல்லாத ஆளுன்னா இத முதல்ல பாருங்க.

ராஃபா 2004ல லண்டன்ல ஆரம்பிச்சது, 2017ல வால்மார்ட் குடும்பத்து பேரன்மார் ரெண்டு பேர் வாங்கினாங்க. மார்க்கெட்டிங் வாசனை தூக்கலா இருக்கற பிராண்டு, மலைப்பாதைல தனியா ஒருத்தர் கஷ்டப்பட்டு ஏர்ற கருப்பு வெள்ளை படம், அந்த மாதிரி. அத பாத்து வெறும் பந்தான்னு ஒதுக்கிடறவங்க நிறைய, அது நியாயம் இல்ல. தையல் சுத்தமா இருக்கும், வெட்டு சாதாரண உடம்புக்கும் ஒத்து வரும், எல்லாத்துக்கும் மேல விழுந்து கிழிஞ்சா இலவசமா தைச்சு குடுக்கற ரிப்பேர் சர்வீஸ் இருக்கு. விழுந்து எழுந்து ஓட்டற ஆளுக்கு இது நிஜமான மதிப்பு, ஆனா நீங்க இருக்கற நாட்டுல அந்த சர்வீஸ் எட்டுமா, பார்சல் அனுப்பற செலவு என்னன்னு பாத்துக்கோங்க, எட்டலன்னா அந்த மதிப்பு உங்களுக்கு பூஜ்யம்தான். கோர்னு ஒரு ஆரம்ப வரிசை, ப்ரோ டீம்னு ரேஸ் வரிசை. கோர் பிப் நல்ல பிப், அதுல சந்தேகமே இல்ல, அந்த விலைக்கு நல்ல பிப்பாங்கறதுதான் கேள்வி.

அந்த கேள்விதான் இந்த முழு ஒப்பீட்டுக்கே நடு நாடி. பெரிய பிராண்டோட அடி மாடலும் சின்ன பிராண்டோட உச்ச மாடலும் பல நேரத்துல ஒரே விலைக்கு பக்கத்துல வந்து நிக்கும். ஒரு பக்கம் ராஃபா கோர், கேஸ்டெல்லி என்ட்ராட்டா, இன்னொரு பக்கம் எண்டுராவோட ப்ரோ எஸ்எல், டெக்கத்லானோட வான் ரைசெல் ரேஸ் வரிசை. என் ஓட்டு எப்பவும் ரெண்டாவது பக்கம்தான். ஏன்னா பெரிய பிராண்டு தன்னோட அடி மாடல்ல எதயாவது கழிச்சாத்தான் மேல் மாடல விக்க முடியும், அப்படி கழிக்கறது பெரும்பாலும் பேட்லதான் போய் நிக்கும், லோகோல கை வெக்க மாட்டாங்க. சின்ன பிராண்டு உச்ச மாடல்ல தன்கிட்ட இருக்கறதுலயே பெஸ்ட் பேட போட்டு காட்டும், அவங்களுக்கு பேர் வாங்கணுமே.

எண்டுரா ஸ்காட்லாந்து கம்பெனி, 1993ல ஆரம்பிச்சது, மோவிஸ்டார் டீமுக்கு சில வருஷம் கிட் குடுத்திருக்காங்க. இவங்ககிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது, ப்ரோ எஸ்எல் மாதிரி சில பிப்புல ஒரே சைஸ்லயே பேட் அகலத்த நீங்க தேர்ந்தெடுக்கலாம், நேரோ மீடியம் வைடுன்னு. இது பெரிய விஷயம், ஏன்னா இடுப்பு சுற்றளவுக்கும் உக்காரும் எலும்பு அகலத்துக்கும் சம்மந்தமே இல்ல, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் எலும்பு அகலமா இருக்கலாம். 90 நாள் போட்டு பாத்துட்டு திருப்தி இல்லன்னா சொல்லலாம்னு கேரண்டியும் இருக்கு, இதுவும் எந்த நாட்டுல எப்படி நடக்குதுன்னு வாங்கும்போதே கேட்டுடுங்க. சைஸ் இத்தாலி பிராண்டுங்கள விட பெருசா வரும். டிசைன் கொஞ்சம் மந்தம், அது உண்மை.

வான் ரைசெல் டெக்கத்லானோட ரோட் சைக்கிள் பிராண்டு, ட்ரைபன் அதுக்கு கீழ இருக்கற அன்றாட வரிசை. டெக்கத்லான்னாலே மலிவு, மலிவுன்னா மட்டம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு, 2024ல வான் ரைசெல் சைக்கிள்ல ஏஜி2ஆர் டீம் வேர்ல்ட் டூர்ங்கற உச்சகட்ட ரேஸ்ல ஓட ஆரம்பிச்சதும் அந்த வாய் கொஞ்சம் அடங்கிச்சு. ட்ரைபன் பிப் ஒண்ணு ரெண்டு மணி ரைடுக்கு போதும், அதுக்கு மேல அத நம்பாதீங்க, ஜெர்சி மட்டும் கண்ண மூடிட்டு எடுக்கலாம். வான் ரைசெல்ல மேல் மாடல் பிப் நல்ல சரக்கு. இதோட பெரிய பலம் பேட்லயோ துணிலயோ இல்ல, நேரா கடைக்கு போய் போட்டு பாத்து வாங்கலாம், ஒத்து வரலன்னா அதே கடைல போய் மாத்தலாம். ஆன்லைன்ல மட்டும் விக்கற பிராண்டுல சைஸ் தப்பா போச்சுன்னா ரிட்டர்ன், ஷிப்பிங், சில நேரம் கஸ்டம்ஸ்னு அலையணும், அந்த அலைச்சலையும் விலைல சேத்துத்தான் கணக்கு போடணும்.

சான்டினி பத்தி ஒரு வரி சொல்லலன்னா மனசு கேக்காது. பெர்கமோல 1965லருந்து தைக்கறாங்க, உலக சாம்பியன் போடற வானவில் ஜெர்சி அவங்க தையல், 2022லருந்து டூர் டி ஃப்ரான்ஸ் மஞ்ச ஜெர்சியும் அவங்கதான். விலை கேஸ்டெல்லி ரேஞ்சு, சத்தம் கம்மி, பிப் நல்லாருக்கும்.

மாப், பாஸ் நார்மல் ஸ்டூடியோஸ், கஃபே டு சிக்லிஸ்த் இதெல்லாம் அழகு. துணி தரமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா குவாலிட்டிக்கு எவ்வளவு மதிப்புன்னு ஒப்பிடற இடத்துல இவங்கள வெச்சா இவங்க தோத்துடுவாங்க, நீங்க குடுக்கற காசுல ஒரு நல்ல பகுதி கலருக்கும் ஸ்டைலுக்கும் போகுது, அது உங்களுக்கு சந்தோஷம்னா வாங்குங்க, நான் யாரு தடுக்க.

அடுத்து சீனாலருந்து நேரா வர்ற மலிவு பிராண்டுங்க, சான்டிக் மாதிரி. ஜெர்சி, கை உறை, ஆர்ம் வார்மர், கேப், இதெல்லாம் தாராளமா எடுக்கலாம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. பிப் மட்டும் லாட்டரி, ஒரே மாடல ரெண்டாவது தடவ ஆர்டர் பண்ணா பேட் வேற மாதிரி வர்ற கதைலாம் உண்டு. ஒண்ணு மட்டும் கண்டிப்பா வேணாம், பெரிய டீம் பேரும் பெரிய பிராண்டு லோகோவும் போட்டு பத்துல ஒரு பங்கு விலைக்கு விக்கற செட். அது போலி. சொந்த பேர்ல விக்கற சீன பிராண்டுக்கு பேர் கெட்டா நஷ்டம், போலி விக்கறவனுக்கு காப்பாத்த ஒரு பேரே கிடையாது.

ஜெர்சி பத்தி சீக்கிரமா முடிச்சுடறேன். பாலியஸ்டர்தான் பெரும்பாலும், அதுல சப்ளிமேஷன் பிரிண்ட் (சூட்டுல சாயத்த துணிக்குள்ள ஏத்தறது) நல்லா ஏறும், சீக்கிரம் காயும், மலிவாவும் கிடைக்கும். பின்னாடி மூணு பாக்கெட், அதுல ஃபோனும் பம்பும் போட்டா ஜெர்சி தொங்கக்கூடாது, முழு ஜிப் இருக்கணும், வெயில்ல ஓட்டறவங்க யுபிஎஃப் 50னு (துணி வெயில் கதிர எவ்வளவு தடுக்கும்ங்கற அளவு) போட்டிருக்கான்னு பாக்கணும். அவ்வளவுதான். காத்து தடைய குறைக்கும்னு ஏரோ ஜெர்சி தனியா விக்கறாங்களே, சமதளத்துல 30 கிலோமீட்டர் வேகத்துல நீங்க போராடறது பெரும்பாலும் காத்தோடதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அதுக்கு முதல் மருந்து படபடன்னு அடிக்காத அளவுல உடம்போட ஒட்டின ஜெர்சி, அது மலிவு பிராண்டுலயும் சரியான சைஸ் எடுத்தா கிடைச்சுடும். அடிக்கடி துவைக்க முடியாதவங்க, ரெண்டு மூணு நாள் டூர் போறவங்க மெரினோ கம்பளி கலந்தது பாருங்க, நாத்தம் கம்மி.

மழை ஜாக்கெட் கொஞ்சம் சிக்கல். முழுசா தண்ணி விடாத ஜாக்கெட் போட்டு மேடு ஏறினா உள்ள வேர்வைல நனைஞ்சுடுவீங்க, நல்லா காத்து போற ஜாக்கெட் போட்டா மழைல நனைஞ்சுடுவீங்க, ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கறதுன்னுதான் கேள்வி. இதுக்கு கேஸ்டெல்லி ஒரு நல்ல பதில் கண்டுபிடிச்சாங்க, கப்பா. இறுக்கமான ஜெர்சி மாதிரி, காத்து புகாது, லேசான மழை தாங்கும், நனைஞ்சாலும் குளிராது. 2013 மிலான் சான் ரெமோ ரேஸ்ல பனி கொட்டினப்ப வேற ஸ்பான்சர் வெச்சிருந்த டீம் ஆளுங்க கூட இத வாங்கி லோகோவ மார்க்கர்ல கருப்படிச்சு போட்டுட்டு ஓட்டினாங்க, அத விட பெரிய விளம்பரம் எந்த கம்பெனிக்கும் கிடைக்காது. இப்ப எல்லா பிராண்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு, ஸ்போர்ட்ஃபுல்ல ஃபியான்ட்ரேனு தேடுங்க. குளிரும் மழையும் சேந்து வர்ற ஊர்க்காரங்களுக்கு இது பெஸ்ட், வெக்கையான மழைல ஓட்டறவங்க நனைஞ்சா நனைஞ்சுட்டு போகுதுன்னு பாக்கெட்ல மடிச்சு வெக்கற மெல்லிசு விண்ட் ஜாக்கெட்டோட நிறுத்திக்கலாம். முழு வாட்டர்ப்ரூஃப்தான் வேணும்னா குறைஞ்சது 10,000 மில்லிமீட்டர் ரேட்டிங் (எவ்வளவு உயர தண்ணியோட அழுத்தத்த துணி தாங்கும்ங்கற அளவு), தையல் மேல எல்லாம் டேப் ஒட்டினது, இது ரெண்டும் இல்லாம வாங்காதீங்க. கோர்டெக்ஸ் துணி செய்யற கோர் கம்பெனியோட (ராஃபாவோட கோர் வரிசை இல்ல, இது வேற) ஷேக்ட்ரைங்கற துணி, மேல தண்ணி நிக்காம உருண்டு ஓடும், அதுக்கு ஈடே இல்ல, ஆனா அதுல இருக்கற ஃப்ளோரின் கெமிக்கல் சுற்றுச்சூழலுக்கு ஆகாதுன்னு தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல 2025 ஜனவரிலருந்து துணில அந்த வகை கெமிக்கலுக்கு தடையே வந்துடுச்சு, அதனால எல்லா பிராண்டும் புது பூச்சுக்கு மாறிட்டு இருக்கு, புது பூச்சுல அழுக்கும் எண்ணெயும் சீக்கிரம் ஏறிக்கும், வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரேய முன்ன விட அடிக்கடி அடிக்கணும். பழைய ரிவ்யூ படிச்சுட்டு அதே மாதிரி இருக்கும்னு நெனச்சு புது ஜாக்கெட் வாங்காதீங்க.

பெண்கள் பிப் தனி கதை, இத யூனிசெக்ஸ் வாங்கி சமாளிக்கறது வேலைக்கு ஆகாது. பேட் வடிவமே வேற, பின்னாடி அகலம், முன்னாடி குட்டை. அதுக்கு மேல பாத்ரூம் பிரச்சனை, ஜெர்சிய கழட்டி, பட்டைய கழட்டி, ரோட்டோரத்துல இதெல்லாம் நடக்கற காரியமா? எண்டுரால டிராப்சீட்னு பின்னாடி ஜிப் வெச்சு செஞ்சிருக்காங்க, வெலோசியோல ஃப்ளைஃப்ரீனு ஜிப் கூட இல்லாம பட்டை இழுவைலயே கீழ இறங்கற மாதிரி. லாங் ரைடு போற பெண்களுக்கு பிராண்டு முடிவு பண்ற முதல் காரணமே இதுவா இருக்கலாம், பேட் கூட ரெண்டாவதுதான்.

வாங்கற நேரம் பத்தி ஒண்ணு. சைக்கிள் டிரஸ்ல சீசன் முடிஞ்சா பழைய கலர் எல்லாம் தள்ளுபடிக்கு வந்துடும், பேடும் துணியும் அதேதான் இருக்கும், கலர் மட்டும் போன வருஷத்தது. கருப்பு பிப்புக்கு போன வருஷம் இந்த வருஷம்லாம் ஒண்ணும் கிடையாது. கேஸ்டெல்லி, ஸ்போர்ட்ஃபுல், எண்டுரா மூணும் தள்ளுபடில வாங்க வேண்டிய பிராண்டு, முழு விலைக்கு வாங்கறது சோம்பேறித்தனத்துக்கு குடுக்கற வரி. ஆனா மலிவா கிடைக்குதுன்னு பின்னால யார் நிக்கறாங்கன்னு பாக்காம இருக்காதீங்க. டிஎச்பினு ஒரு பிராண்டு இருந்துச்சு, பிரிட்டன்ல விகிள்ங்கற ஆன்லைன் கடையோட சொந்த பிராண்டு, காசுக்கேத்த சரக்குன்னு எல்லாரும் கைகாட்டினது அதத்தான், 2023 அக்டோபர்ல அந்த கடையே திவாலாகி நிர்வாகிங்க கைக்கு போச்சு, அப்புறம் பேர வேற குரூப் வாங்கிச்சு. அதனால பழைய சிபாரிசு எதப் படிச்சாலும் அந்த பிராண்டு இப்ப அதே ஆளுங்க கைலதான் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

வாரத்துல ரெண்டு மூணு நாள் ஓட்டற ஆளுக்கு என் கணக்கு இப்படி போகும்: ரெண்டு நல்ல பிப், எண்டுரா இல்ல வான் ரைசெல் மேல் மாடல், இல்லன்னா தள்ளுபடில கேஸ்டெல்லி நடு மாடல், மூணு ஜெர்சி எந்த மலிவு பிராண்டும், ஒரு மெல்லிசு விண்ட் ஜாக்கெட். ஒரே ஒரு அஸோஸ் வாங்கி அதையே தினம் போட்டு துவைச்சு தேய்க்கறத விட ரெண்டு நடுத்தர பிப்ப மாத்தி மாத்தி போடறது மேல். ஒரே ரைடுல அஞ்சு ஆறு மணி நேரம் சீட்ல உக்கார்றவங்க, 200 கிலோமீட்டர் ப்ரெவே (நேர வரம்புக்குள்ள முடிக்கற லாங் ரைடு) ஓட்டறவங்க மட்டும் இந்த கணக்க விட்டுட்டு நேரா மில் ஜிடிக்கு போங்க, அங்க அந்த காசு நிஜமா வேலை செய்யும். அப்புறம், சீட்டே உங்க அகலத்துக்கு தப்பா இருந்தா எந்த பிராண்டு பிப்பும் காப்பாத்தாது, பிப்புக்குள்ள ஜட்டி போட்டாலும் அதே நிலைமைதான், அதோட தையல்தான் முதல்ல தோல அறுக்கும்.

வாங்கினத எப்படி வெச்சுக்கறீங்கங்கறதுதான் மதிப்புல பாதி. லைக்ராவ இழுபட வெக்கறது எலாஸ்டேன் நூல், அது ரப்பர் பேண்டு மாதிரி, போட்டாலும் போடாட்டியும் வயசாகும், சூடு பட்டா இன்னும் சீக்கிரம் வயசாகும். உள்பக்கத்த வெளில திருப்பி 30 டிகிரி தண்ணில துவைங்க, துணி மிருதுவாக்கற லிக்விட் வேணவே வேணாம், ட்ரையர் வேணாம், வெயில்ல நேரா போடாம நிழல்ல காய வைங்க, பேட் பக்கம் மேல தெரியற மாதிரி, ஏன்னா அதுதான் கடைசில காயும். மூணு மடங்கு விலை குடுத்தா மூணு மடங்கு நாள் உழைக்கும்னு கணக்கு போடாதீங்க, அப்படி உழைக்காது, நல்ல பிப் கொஞ்சம் கூட நாள் வரும், அதுல கிடைக்கறது பெரும்பாலும் சொகுசுதான்.

எப்ப தூக்கி போடணும்? பேட் அமுங்கி போச்சுன்னா உங்களுக்கே வலிக்க ஆரம்பிக்கும், அது தெரிஞ்சுடும். துணி நைஞ்சு போறது மட்டும் உங்களுக்கு தெரியாது, குனிஞ்சு ஓட்டும்போது பின்பக்கம் துணி இழுபட்டு கண்ணாடி மாதிரி தெரிய ஆரம்பிக்கும், வீட்டு கண்ணாடி முன்னாடி நிமிந்து நின்னா ஒண்ணும் தெரியாது. உங்க பின் சக்கரத்த புடிச்சு வர்ற நண்பருக்கு நல்லா தெரியும், ஆனா அவர் மரியாதைக்கு சொல்ல மாட்டார். நீங்களே கேட்டுடுங்க.